பரேலில் கண்ட மருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா நாளில் இசையும் நாடகமும் காத்திருக்க, நோயையும் மருந்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் மகப்பேறு காணாத குடும்பம் ஒன்றேனும் உண்டா? தாராவியிலிருந்து வந்தவர்களும், மாட்டுங்காவிலிருந்து வந்தவர்களும், செம்பூரிலிருந்து வந்தவர்களும் தொழிலாலும் வருவாயாலும் வேறுபட்டிருக்கலாம். பிறந்த மாவட்டமும் பேச்சு வழக்கும்கூட வேறுபடலாம். மகளோ மருமகளோ சூல்கொண்டிருக்கும் வீட்டில் நிலவும் மகிழ்ச்சியும் கவலையும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே, குடும்பம் குடும்பமாக நாம் ஒன்றுகூடும் இந்நாளே இதைப் பேசுவதற்கு ஏற்ற நாள் என்று கருதுகிறேன்.

கருவுற்ற பெண் மருத்துவமனைக்குச் சென்றதும் முதலில் கொடுக்கப்படும் மாத்திரை ஒன்று உண்டு. அதன் பெயர் ஃபோலிக் அமிலம். சில மாதங்கள் சென்றபின் அதனையே இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். உலகின் பற்பல நாடுகளில் தாய்மார்கள் இன்று அதனை உட்கொள்கின்றனர். அம்மருந்தின் வரலாறு எங்கே தொடங்கிற்று? லண்டனிலா? நியூயார்க்கிலா? இல்லை. மாட்டுங்காவில் ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்த நிலையமாகிய பரேலில் தொடங்கிற்று. நம் நகரத்து ஏழைப் பெண்களின் இரத்தத்தை ஆராய்ந்து கண்ட உண்மை அது. அவ்வரலாற்றை உங்கள் முன் வைத்து, நம் வீடுகள் அதிலிருந்து கற்கவேண்டிய ஒரு பாடத்தையும் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாடம் காலத்தைப் பற்றியது. மருந்து எது என்பதை நம்மில் பலர் அறிவோம். அதை எப்போது தொடங்கவேண்டும் என்பதைத்தான் இன்னும் சரிவர அறிந்துகொள்ளவில்லை.

ஆலை நகரத்துச் சோகை

சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் பம்பாய் பஞ்சாலைகளின் நகரமாக விளங்கிற்று. பரேல், லால்பாக் முதலிய இடங்களில் ஆலைச் சங்கு ஊதும்போது ஆடவரோடு பெண்களும் பெருந்திரளாக வேலைக்குச் சென்றனர். ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த சால்களில் அவர்கள் குடியிருந்தனர். அந்நாளில் இந்நகரத்து ஏழைப் பெண்களுள் கருவுற்றிருந்தோர் சிலரைக் கொடிய சோகை நோய் ஒன்று பற்றிற்று. முகம் வெளுக்கும், கால் வீங்கும், நாலடி நடந்தாலும் மூச்சு வாங்கும். மகப்பேற்றுக்குச் சற்று முன்னரோ பின்னரோ உயிரே பிரிந்துவிடுவதும் உண்டு. சாதாரணச் சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மருந்து இதற்குப் பயன்படவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் இரத்தத்தை நோக்கியபோது, சிவப்பு அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. இருந்த அணுக்களோ அளவுக்கு மீறிப் பருத்திருந்தன. காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

பரேலில், ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையாக இருந்த பழைய கட்டடத்தில், 1899-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் இயங்கி வந்தது. கொள்ளைநோயாகிய பிளேக்கிற்குத் தடுப்பு மருந்து கண்ட வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர் நிறுவியது அது. 1925-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஹாஃப்கின் நிலையம் என்று வழங்கலாயிற்று. இந்தியாவில் பல்லாண்டுகள் பெண்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் அம்மையார், மகப்பேற்றில் தாய்மார்கள் இறப்பதன் காரணங்களை அந்நிலையத்தில் ஆராய்வதற்கு ஏற்பாடு செய்தார். அதற்காக அவர் அழைத்த ஆங்கிலப் பெண்மணியே டாக்டர் லூஸி வில்ஸ்.

லூஸி வில்ஸ் 1888-ஆம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர இயலும் நில இயலும் கற்றபின் மருத்துவம் படித்து, 1920-ஆம் ஆண்டில் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். மருத்துவமனை அமைத்துப் பொருள் ஈட்டும் வழியை நாடாமல் ஆராய்ச்சித் துறையைத் தேர்ந்துகொண்டார். 1928-ஆம் ஆண்டில், தமக்கு நாற்பது வயதாகும்போது, பம்பாய் வந்து சேர்ந்தார்.

நோய்க்குக் கிருமி காரணமா என்பதை அவர் முதலில் ஆராய்ந்தார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பின்னர்ப் பெண்கள் என்ன உண்கின்றனர், எப்படி வாழ்கின்றனர் என்பதை ஆராயலானார். மேத்தா, தல்பதே ஆகிய இந்திய ஆய்வாளர்கள் அவருக்குத் துணைநின்றனர். ஏழை முஸ்லிம் பெண்களிடையே இச்சோகை மிகுதியாக இருந்ததையும், அவர்களுடைய உணவில் புரதமும் காய்கறியும் பழமும் மிகக் குறைவாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். நோயின் வேர் மருத்துவமனைக் கட்டிலில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது என்ற ஐயம் வலுப்பட்டது.

ஐயம் வேறு, நிரூபணம் வேறு. அப்பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். எலிகளுக்கும் சோகை கண்டது. ஆனால், எலிகளின் உடலில் பேன் வழியாகப் பரவும் ஒரு கிருமியும் சோகையை உண்டாக்கும் என்று தெரியவந்ததால், அச்சோதனை ஐயத்துக்கு இடமாகிவிட்டது. அவர் சோர்வடையவில்லை, குரங்குகளைக் கொண்டு மீண்டும் சோதனை செய்தார். சோகையால் வாடிய குரங்குக்கு ‘மார்மைட்’ என்னும் பொருளைக் கொடுத்தபோது அது தேறிற்று. மார்மைட் என்பது சாராயத் தொழிலில் பயன்படும் ஈஸ்ட்டிலிருந்து வடித்தெடுத்த கரிய சாறு. இங்கிலாந்தில் ரொட்டியின்மேல் தடவி உண்ணும் மலிவான பண்டம். அதனையே நோயுற்ற கருவுற்ற பெண்களுக்கும் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர்கள் இரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. சாவின் விளிம்பில் இருந்தவர்கள் பிழைத்தெழுந்தனர்.

இவ்வாராய்ச்சியில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. 1929-ஆம் ஆண்டில் சில மாதங்கள் வில்ஸ் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வு நடத்தினார். உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ராபர்ட் மக்காரிசன் அங்கே பணிபுரிந்த காலம் அது. 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனையிலும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று நாம் அழைப்பது அதனையே. அவ்வாண்டிலேயே தம் முடிவுகளைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். இச்சோகையைத் தடுக்கும் பெயரறியாத பொருள் ஒன்று ஈஸ்ட்டில் உள்ளது என்று உலகம் அறிந்தது. அதற்கு ‘வில்ஸ் காரணி’ என்றே பெயரிட்டனர்.

1964-ஆம் ஆண்டில் லூஸி வில்ஸ் காலமானார். அவர் பெயரையாவது மருத்துவ நூல்கள் சொல்லும். தம் இரத்தத்தைச் சோதனைக்குத் தந்து, தாம் உண்டதையும் உண்ணாததையும் ஒளியாமல் சொன்ன அந்தப் பம்பாய்ப் பெண்களின் பெயர்களை வரலாறு போற்றி வைக்கவில்லை. அவர்களும் இந்த அறிவைப் படைத்தவர்களே அல்லரா?

கீரையில் இருந்த பொருள்

வில்ஸ் கண்ட பொருள் இன்னதென்று தெரியப் பத்து ஆண்டுகள் சென்றன. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையிலிருந்து கிடைத்தமையால், இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயர் வைத்தனர். நம் பாட்டிமார் நாள் தவறாமல் கீரை கடைந்ததன் பொருள் இப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ஆயினும், நான்கு டன் கீரையைப் பிழிந்து எத்தனை நோயாளிகளைக் காப்பாற்ற முடியும்? ஆராய்ச்சிக்கூடத்தில் அதனைச் செயற்கையாகச் செய்தாலன்றி ஏழைக்கு எட்டாது. அப்பணியை நிறைவேற்றிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியர். ஆந்திர நாட்டில் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்களே அவர். நியூயார்க்கை அடுத்த லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உழைத்த குழு, ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டதை 1945-ஆம் ஆண்டில் அறிவித்தது. மூன்றாண்டுகளில் சுப்பாராவ் மறைந்தார். பரேலில் தொடங்கிய தேடல் சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவர் கையால் மாத்திரை வடிவம் பெற்றது என்றே சொல்லலாம்.

இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுக்கும். ஃபோலிக் அமிலம் குறைந்தால் அவை பருத்துக் குறையும். நம் நாட்டுப் பெண்களிடம் முதற்குறையே மிகுதி. பலரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனாலேயே இரண்டையும் ஒரே மாத்திரையில் வைத்து அரசாங்கம் வழங்குகிறது.

இருபத்தெட்டு நாட்கள்

இதுவரை சொன்னது தாயைக் காத்த கதை. இனிச் சொல்வது சேயைக் காத்த கதை. சில குழந்தைகள் முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கின்றன. சில மண்டையோடும் மூளையும் முழுமையாக உருவாகாமல் பிறந்து உடனே இறந்துவிடுகின்றன. அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்க்கு நம் சமூகம் ஆறுதல் சொல்வதைவிடப் பழி சொல்வதே மிகுதி. கிரகணத்தில் வெளியே போனாள் என்பார்கள். ஜாதக தோஷம் என்பார்கள். மருமகள் கொண்டுவந்த பாவம் என்றுகூடச் சொல்வார்கள்.

இதற்கும் ஃபோலிக் அமிலக் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இங்கிலாந்தில் சில மருத்துவர்கள் 1960-களிலேயே ஐயுற்றனர். அதனைத் தீர்மானமாக அறிவதற்கு ஏழு நாடுகளில் 33 மருத்துவ நிலையங்களில் ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்றிருந்த 1,817 பெண்கள் அதில் பங்குகொண்டனர். ஒரு சாராருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தனர். மற்றொரு சாராருக்குக் கொடுக்கவில்லை. 1991-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. மருந்து உண்ணாதவர்களிடம் இக்குறையோடு கருவான குழந்தைகள் 21; உண்டவர்களிடம் 6 மட்டுமே. அதாவது, நூற்றுக்கு 72 பங்கு தீங்கு தடுக்கப்பட்டது. அதற்குமேல் சோதனையை நீட்டிப்பது அறமன்று என்று கருதி, குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டனர். எல்லாப் பிறவிக் குறைகளையும் இம்மருந்து தடுக்கும் என்று எண்ணவேண்டாம். ஆனால், இந்த ஒரு குறையைப் பெரும்பாலும் தடுக்கும்.

தாய்மார்களே, இங்கேதான் காலத்தின் அருமையை உணரவேண்டும். குழந்தையின் மூளையும் முதுகு நரம்பும் தொடக்கத்தில் ஒரு சிறு குழாயாக உருவாகின்றன. கரு உண்டான 28 நாட்களுக்குள் அக்குழாய் மூடிக்கொள்ளவேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது அவ்வேலை முடிந்திருக்கும். தான் கருவுற்றிருப்பதைப் பெண்ணே உறுதியாக அறியாத காலம் அது. மூன்றாம் மாதத்தில் மருத்துவரிடம் சென்று மாத்திரை வாங்கினால், தாயின் இரத்தத்துக்கு அது நன்மை செய்யும்; மூடாமல் போன குழாயை அதனால் மூட இயலாது. ஆகவே, குழந்தையை எதிர்பார்க்கும் பெண், கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளவேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. முன்னர்க் குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கும், காக்கை வலிப்புக்கு மருந்து உண்பவர்களுக்கும் அளவு வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

கருவுறுமுன் உணவு

மாத்திரைக்கு மட்டுமன்றி உணவுக்கும் இது பொருந்துமா? அதனையும் நம் மும்பையிலேயே ஆராய்ந்துள்ளனர். 2006 முதல் 2012 வரை இந்நகரத்துச் சேரிப்பகுதிகளில் ‘சரஸ்’ என்னும் ஆராய்ச்சி நடைபெற்றது. மணமாகிக் குழந்தையை எதிர்பார்த்திருந்த 6,513 பெண்கள் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்துச் செய்த தின்பண்டத்தை நாள்தோறும் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்ததைக் கொடுத்தனர்.

முடிவுகள் சிந்திக்கத்தக்கவை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பிறந்த குழந்தைகளின் எடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கருவுறுவதற்கு மூன்று மாதமேனும் முன்னதாகத் தொடங்கியவர்களின் குழந்தைகளோ சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. மிகவும் மெலிந்திருந்த தாய்மார்களுக்கு அப்பயனும் கிட்டவில்லை. மற்றொரு நன்மையும் வெளிப்பட்டது. கருவுற்ற காலத்தில் தோன்றும் நீரிழிவு நோய், கீரைப் பண்டம் உண்டவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 12.4 பேருக்கும் கண்டது.

இதிலிருந்து நாம் உணர்வது என்ன? 1931-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி, கருவுற்று நோய்வாய்ப்பட்ட பெண்ணைக் காப்பாற்றிற்று. 1991-ஆம் ஆண்டில் அது கருவின் முதல் மாதத்தைச் சுட்டிற்று. அதன்பின் கருவுறுமுன் உள்ள மாதங்களைச் சுட்டுகிறது. மெலிந்த தாய்க்கு அம்மாதங்களும் போதவில்லை என்றால், பள்ளிக்குச் செல்லும் பெண்ணின் தட்டிலிருந்தே தாய்மையின் நலம் தொடங்குகிறது என்பதே பொருள். பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை நம் பெண்கள் குப்பையில் எறியாமல் உண்கிறார்களா என்று கேட்கவேண்டியவர்கள் நாம்.

நம் வீட்டு வழக்கங்கள்

2019-21-இல் நாடு முழுவதும் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இருந்தது. மருந்து கண்டு எண்பது ஆண்டுகள் சென்ற பின்னும் இந்நிலை. மாத்திரையை அரசாங்கம் இலவசமாக வழங்குகிறது. அவ்வாறிருந்தும் நோய் நீங்காததற்கு வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வறுமை இல்லாத வீடுகளிலும் இந்நோய் இருக்கிறதே! அங்கே வழக்கமும் ஒரு காரணம்.

நம்மவர் பலர் மூன்று மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியில் சொல்லமாட்டார்கள். கண்ணேறு படும் என்ற அச்சம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. மருத்துவரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. மாத்திரையைத் தொடங்கினாலும், மலம் கறுத்துப் போகிறது என்று நிறுத்திவிடுவோர் உண்டு, உடல் ஏற்றுக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதால் வரும் நிறம் அது, தீங்கு இல்லை. அம்மாத்திரை உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. மாத்திரைக்கும் குழந்தையின் நிறத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குழந்தை பெரிதாக வளர்ந்தால் பிரசவம் கடினமாகும் என்று உணவைக் குறைப்போர் உண்டு. வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதே மருமகளின் கடமை என்று இன்றும் கருதும் வீடுகள் உண்டு. அவ்வீட்டில் எத்தனை மாத்திரை வாங்கி வைத்தும் என்ன பயன்?

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோருக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம். புடவையும் பலகாரமும் பெட்டியில் ஏறுகின்றன. இங்கே மருத்துவமனையில் கொடுத்த தாய்-சேய் அட்டையும் சோதனைத் தாள்களும் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. அங்கே உள்ள மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. பயணத்துக்கும் உறவினர் வருகைக்கும் இடையே மாத்திரை உண்பதும் சில வாரம் தடைப்படுகிறது. கடைசி மூன்று மாதங்களில் இழக்கும் ஒவ்வொரு வாரமும் விலைமதிப்பு உடையது. மகப்பேற்றின்போது இரத்தம் மிகுதியாகப் போனால், சோகையுள்ள தாயின் உடல் அதைத் தாங்காது.

மாத்திரை உண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதம் முதல் இரும்புச் சத்தும் சேர்ந்த மாத்திரை, நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாட்கள். பிள்ளை பெற்ற பின்னும் 180 நாட்கள். காப்பி, தேநீரோடு அதை விழுங்கலாகாது. ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் உண்ணவேண்டும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் இரும்பு உடலில் சேர உதவும். கீரையை நறுக்குவதற்கு முன் கழுவி, நெடுநேரம் வேகவிடாமல், வெந்த நீரைக் கொட்டாமல் சமைக்கவேண்டும். ஃபோலிக் சத்து வெப்பத்தில் அழியும், நீரில் கரைந்து போகும். முருங்கைக்கீரை, பாலக், வெந்தயக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவை நம் கடைவீதிகளில் கிடைக்காத பொருள்களா?

சயான் பால் வங்கி

தாயின் வயிற்றில் தொடங்கிய இக்காலக் கணக்கு, குழந்தை பிறந்த முதல் மணி நேரத்திலும் தொடர்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும். சீம்பால் ஆகாது என்று கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது குழந்தைக்கு இயற்கை அளித்த முதல் காப்பைப் பறிப்பதாகும்.

இதனை நமக்கு உணர்த்திய மருத்துவமனை தாராவிக்கு அருகிலேயே இருக்கிறது. சயான் மருத்துவமனை என்று நாம் அழைக்கும் லோகமான்ய திலகர் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் அம்மையார், 1989-ஆம் ஆண்டில் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். ஆசியாவிலேயே முதலாவது அது. குறைமாதத்தில் பிறந்தும், எடை குறைந்து பிறந்தும், தாயின் பால் கிட்டாமல் வாடும் சிசுக்களுக்கு மற்றத் தாய்மார் அன்போடு தந்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துத் தூய்மை செய்து புகட்டும் ஏற்பாடு அது. சாதியும் மதமும் மொழியும் பாராமல் ஒரு தாயின் பால் மற்றொரு தாயின் பிள்ளையைப் பிழைக்க வைக்கிறது.

மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே தாயும் சேயும் நலிந்துவிடுவதைக் கண்ட அவ்வம்மையார், 1999-ஆம் ஆண்டில் ‘ஸ்நேஹா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். தாராவியின் சந்துகளில் வீட்டுக்கு வீடு சென்று கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் காணும் பணியை அது மேற்கொண்டது. 2026-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சங்கம் செய்யக்கூடியது

நம் நாட்டில் மகப்பேற்றில் தாய் இறப்பது முன்னைவிடப் பெரிதும் குறைந்திருக்கிறது. 2018-20-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, மகாராஷ்டிரத்தில் 33. நாம் பிறந்த மாநிலமும் வாழும் மாநிலமும் நாட்டின் சராசரியைவிட நல்ல நிலையில் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அந்த 54-இலும் 33-இலும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் விளக்கு அன்றோ?

ஆகவே, சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இளந்தம்பதியருக்கு வாழ்த்துக் கூறும் ஒவ்வொரு திருமணத்திலும், குழந்தையை எதிர்பார்க்கும் நாள் முதலே ஃபோலிக் அமிலம் தொடங்கவேண்டும் என்பதை நம் மகளிர் அணியினர் மணமகள் காதில் போடவேண்டும். மணமகன் காதிலும் போடுவது நல்லது. இரண்டாவது, ஊரிலிருந்து புதிதாக வந்து, மராத்தியும் இந்தியும் அறியாமல் மருத்துவமனை வரிசையில் திகைத்து நிற்கும் பெண்களுக்குத் துணையாக, இரு மொழியும் அறிந்த நம் சகோதரிகள் முறைவைத்துச் சென்று வரவேண்டும். டாக்டர் சொன்னது புரியாமையால் மாத்திரையை விட்டவர் நம்மில் ஒருவரும் இருக்கலாகாது. மூன்றாவது, பிரசவத்துக்கு ஊர் செல்லும் பெண்ணின் பெட்டியில் முதலில் வைக்கவேண்டியது தாய்-சேய் அட்டையும் இரண்டு மாதத்துக்கு வேண்டிய மாத்திரையும் என்பதை ஒவ்வொரு மாமியாரும் தம் பொறுப்பாகக் கொள்ளவேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வேண்டிய மருந்தை அரசாங்கமே தருகிறது. உரிய நாளில் அதைத் தொடங்கிவைக்கும் அக்கறையைத் தரவேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம். பரேலில் தம் நோயையே பாடமாகத் தந்த அந்தப் பெண்களுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.